பெலவீனம் என்று எழுதமாட்டேன்

குளிக்கும்போது இடது மார்பில் பட்டாணி அளவில் ஏதோ கையில் பட்டது. வலி இல்லை. வலிக்காததால் நான்கு மாதம் சும்மா இருந்தேன். இதைப் படிக்கும் நீங்களும் அப்படி இருந்தால், இங்கேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மீதியை வந்து படித்துக்கொள்ளலாம்.

இது 2008இல். மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரம் போய்க் காட்டினோம். பயாப்சி (கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். புற்றுநோய்தான்.

டாக்டர் அம்மா எதையும் ஒளிக்கவில்லை. மார்பை எடுக்க வேண்டும், பிறகு கீமோ (நரம்பில் ஏற்றும் புற்றுநோய் மருந்து) என்றார். "லேட்டாத்தான் வந்திருக்கீங்க. ஆனா கைமீறிப் போயிடல."

அந்த வாரமே என் கணவர் சபையில் ஜெபக் குறிப்பு கொடுத்தார். யாருக்காக, எதற்காக எல்லாரும் ஜெபிக்க வேண்டும் என்று எழுதித் தரும் சீட்டு அது. ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் வாசித்தார்: "சகோதரி எஸ்தரின் சரீர பெலவீனம் நீங்க." எந்த நோயானாலும் எங்கள் சபையில் அதற்குப் பெலவீனம் என்றுதான் பெயர்.

விளைவு, வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் குவிந்தன. ஒருத்தி ரத்தம் ஊறப் பேரீச்சம்பழம் கொண்டுவந்தாள். மார்பை அறுக்க நாள் குறித்தவளுக்குப் பேரீச்சம்பழம்! சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

எங்கள் சபையில் இருந்து இறந்துபோன ஞானம் அக்காவின் மகள் மட்டும் வெறுங்கையோடு வந்தாள். என்ன பெலவீனம் என்று கேட்டவளும் அவள் ஒருத்திதான். சொன்னேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எங்கம்மாவுக்கும் இதுதான் ஆன்ட்டி. கடைசி வரைக்கும் எந்த டாக்டர்கிட்டயும் காட்டல."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. பெண்கள் கூடுகையின் ஜெப நோட்டை எழுதியவள் நான். பெலவீனம்னு போட்டுக்க என்று ஞானம் அக்கா சொன்னார், போட்டேன். இரண்டு வருடம் புதன்தோறும் அவருக்காக முழங்காலிட்டேன். என்ன, எங்கே என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காததை அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு சீட்டை நானே எழுதினேன்: எஸ்தர், இடது மார்பில் புற்றுநோய், செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். ஆராதனைக்கு முன்பே பாஸ்டர் கூப்பிட்டார்.

"ஆம்பளைங்க, பிள்ளைங்கல்லாம் இருக்காங்கம்மா. கர்த்தருக்குத் தெரியாதா?"

"கர்த்தருக்குத் தெரியும் பாஸ்டர். இவுங்களுக்குத்தான் தெரியல."

அப்படியும் பெலவீனம் என்றே வாசித்தார். எழுந்து நின்றேன். "மார்புல புத்துநோய். அப்படியே சொல்லி ஜெபம் பண்ணுங்க." என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, ஒருவழியாகச் சொன்னார். ஆமென் மட்டும் அன்று பலமாக வந்தது.

ஜெபம் கட்டியைக் கரைத்ததா என்று கேட்கிறார்கள். இல்லை, கத்திதான் எடுத்தது. ஆனால் என் நோயின் பெயரைச் சொல்லி நூறு பேர் எனக்காகக் கேட்டார்கள் என்ற நினைப்போடு கீமோ நாட்களைத் தாண்டினேன். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நான்கு வருடம் ஆகிறது. இடப்பக்கம் தட்டை. பஞ்சு வைத்து நிரப்புவதில்லை, பார்ப்பவர்கள் பார்க்கட்டும். அடுத்த வருடம் என்று யாராவது பேசினால் சிரிப்பு வருகிறது. என் காலண்டர் அடுத்த செக்கப் வரைக்கும்தான்.

போன புதன்கிழமை ஒரு பெண் வந்து, பெலவீனம் என்று எழுதச் சொன்னாள். பேனாவை மூடிவிட்டு எங்கே என்று கேட்டேன். சுற்றிலும் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துத் தன் அக்குளுக்குக் கீழே வைத்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் சிதம்பரம் போனோம். ஜெபத்தைப் பஸ்ஸில் செய்துகொண்டோம்.