எலுமிச்சம்பழம் நுரை தள்ளிய மதியம்

போன வருஷம் அக்னி நட்சத்திர வெயிலில், சிதம்பரம் பைபாஸ் ஓரத்தில் இருக்கும் கார் ஏ.சி. பட்டறை ஒன்றில் நடந்தது இது. நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிப்பதற்குள் கண் ஈரமாகிவிடுகிறது.

என் தங்கைக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துக் குழந்தை பிறந்தது. நாள் நிறையும் முன்பே அவசரப்பட்டு வந்துவிட்ட பெண். ஒரு கைப்பிடிப் பூ மாதிரி இருந்தாள். சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, இலை துளிர்க்கிற வேகத்தில் எடை ஏறி, ஒருவழியாக மறுநாள் காலை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றார் டாக்டர். வழியில் சூடு மட்டும் அண்டவே கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். கடலூர் வரை கொதிக்கிற சாலை. மறுநாள் முகூர்த்த நாள் வேறு. விசாரித்த வாடகைக் கார் எல்லாம் கல்யாணங்களுக்குப் பேசியாகிவிட்டது. "அண்ணன் கார் இருக்கறப்ப எனக்கென்ன?" என்றாள் தங்கை.

அந்தக் காரில்தான் ஏ.சி. படுத்துக்கொண்டிருந்தது.

கேஸ் அடித்தால் மார்கழியாகக் குளிரும். சில வாரங்களில் சித்திரையாகிவிடும். மறுபடி கேஸ், மறுபடி சித்திரை. எங்கோ லீக். எங்கே என்றுதான் தெரியவில்லை. கடலூரில் பார்த்தவர்கள் குழாயை மாற்றினார்கள், வாஷரை மாற்றினார்கள், கடைசியில் பேச்சை மாற்றினார்கள்.

தங்கையின் கணவர், எங்கள் மாப்பிள்ளை, வேறு கட்சி. "மச்சான், இது கண்ணு. வண்டி வந்த அன்னிக்கு மொத்தத் தெருவும் நின்னு பாத்துச்சு" என்பார். அன்றே வண்டியின் முன்கிரில்லில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டிவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு முறை ஏ.சி. போகும்போதும் ஒரு புதுப் பழம் தொங்கும், மிளகாய் குங்குமத்தோடு. நூல் அறுந்துபோகிறது என்று, கட்டட வேலையில் கம்பி முடியப் பயன்படுத்தும் கட்டுக்கம்பியால் கட்டுவார். மறுபடி ஏ.சி. போனால் பழம் இன்னும் பெரிதாகும், முறுக்கு இன்னும் இறுகும்.

அன்று மாப்பிள்ளையும் நானும் சிதம்பரத்துக்குப் போகிற வழியில், புதுச்சத்திரம் தாண்டியதும் ஏ.சி. அனலாக மூச்சுவிட்டது. நேரே பட்டறைக்கு ஓட்டினேன்.

மெக்கானிக் எங்கள் வயதுக்காரர். வாயும் கையும் ஒரே வேகம். குழாய்களுக்குள் நைட்ரஜனை ஏற்றிவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தடவினார். கசிகிற இடத்தில் குமிழி வர வேண்டும். மூன்று பேரும் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, முதல் மழைக்கு வானத்தைப் பார்ப்பவர்களைப் போலக் காத்திருந்தோம். ஒரு குமிழி இல்லை. மீட்டர் முள் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

"அப்ப உள்ள இருக்கற கூலிங் காயில்தான் சார். டேஷ்போர்டு மொத்தமும் கழட்டணும். நாளன்னிக்கு சாயங்காலம் வாங்க."

அந்த நேரம் பார்த்து தங்கை போன் செய்தாள். "பாப்பாவுக்குப் புதுச் சட்டை போட்டுப் பாத்தோம்ணா. பாவாட மாரி தொங்குது." அவள் சிரித்தாள். போனை வைத்துவிட்டு மெக்கானிக்கிடம் திரும்பினேன்.

"முன்பக்கம் பூராவும் பாத்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"பாத்தாச்சு சார். அந்தப் பழத்துகிட்ட மட்டும் போவல. யாரு கண்ணுக்குக் கட்டுனதோ, நான் தொட்டா என் பட்டறைக்கு வந்துரும். ஏற்கெனவே எதிர்க்கடைக்காரன் கண்ணு ஜாஸ்தி."

அவரை என்ன சொல்வது? கடலூரிலும் எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் வேலை பார்த்தார்கள். இதெல்லாம் நம்புவதில்லை என்று பேசுகிற நானும், வண்டி கழுவும்போது அந்த இடத்துக்குத் துணியைக் கொண்டுபோனதில்லை.

மாப்பிள்ளை எழுந்து போனார். திரும்பி வந்தபோது கையில் சாத்துக்குடி அளவுக்கு ஒரு எலுமிச்சம்பழம். அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். பழையதை அவிழ்க்கக் குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"மச்சான், பழம் நொர தள்ளுது."

மேலே தடவிய சோப்புத் தண்ணீர் வழிந்து பழத்துக்குப் பின்னால் இறங்கியிருந்தது. அங்கே, குங்குமக் கறைக்கு நடுவில், குட்டிக் குட்டியாக, வானவில் பூசிக்கொண்டு, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு பிறந்துகொண்டிருந்தன குமிழிகள். அவ்வளவு அழகான ஓட்டையை நான் பார்த்ததில்லை.

"அவுத்தது நீங்க. நான் தொடல" என்று முதலில் உறுதி செய்துகொண்டார் மெக்கானிக். பிறகு டார்ச் அடித்தார். கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் கண்டென்சர் என்கிற அலுமினியச் சட்டத்தில் கட்டுக்கம்பியின் முனை குத்தி நின்றது. வண்டி குலுங்கும்போதெல்லாம் உரசி உரசி ஊசித்துளை போட்டிருந்தது. கேஸோடு சேர்ந்து கசிந்த எண்ணெயைக் குங்குமம் மூடிவிட்டது.

"ஊர்க் கண்ணு ஒண்ணும் பண்ணல சார். நீங்கதான் முறுக்கி முறுக்கி ஓட்ட போட்டிருக்கீங்க" என்றார் மாப்பிள்ளையிடம்.

மாப்பிள்ளை ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பதறி அருகில் போனால், சிரிக்கிறார். குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் போன நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. அவர் சிரிக்க, நான் சிரிக்க, என்னவோ ஏதோவென்று எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்க்க, "பாத்தீங்களா, பாக்கறான்" என்றார் மெக்கானிக். வயிறு வலித்துவிட்டது.

பின்பக்கம் நசுங்கி வந்த இதே மாடல் வண்டி ஒன்றின் கண்டென்சர் அவரிடம் இருந்தது. அதை மாட்டி, மறுபடி நைட்ரஜன் ஏற்றிப் பார்த்தோம். இந்த முறை முள் தூங்குகிற பிள்ளையைப் போல அசையாமல் கிடந்தது. கேஸ் ஏறியது. மார்கழி திரும்பி வந்தது. வாங்கி வந்த பெரிய பழத்தைப் பிழிந்து, உப்புப் போட்டு, மூன்று பேரும் குடித்தோம்.

மறுநாள் வெளியே சாலை உருகிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் தங்கை மடியில் அவள். "ஏ.சி.ய கம்மி பண்ணுண்ணா, பாப்பாவுக்குக் குளுருது" என்ற குரலைக் கேட்க எத்தனை இனிப்பு. பக்கத்தில் மாப்பிள்ளை, விரலால் தொட்டால்கூட அழுத்திவிடுமோ என்று, குழந்தையை வெறுமனே பார்த்துக்கொண்டே வந்தார்.

இன்றும் எதுவாவது காரணம் தெரியாமல் குறைந்துகொண்டே போனால், பயத்தில் நாங்களே இறுக்கிக் கட்டிவிட்டு, பிறகு தொடவும் பயந்த இடம் எது என்றுதான் முதலில் தேடுகிறேன். தேடும்போதே அந்தக் குமிழிகள் ஞாபகம் வந்து, பாதிப் பயம் போய்விடுகிறது.