ஒன்பது மாதம் ஒழுகிய குழாய்

நூம்பலில் எங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் கொண்டுவரும் லாரி துலுக்கானத்தினுடையது. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, வண்டிக்குப் பதினாறு. ஆவடிப் பக்கம் ஒப்பந்த லாரிகளை இருபது வருடம் ஓட்டிவிட்டு, இந்தப் பழைய வண்டியை வாங்கித் தண்ணீர்த் தொட்டியை ஏற்றி, முதலாளி ஆனவர். நன்றாகப் பேசுவார், ஆனால் வண்டியைப் பற்றி மட்டும். தண்ணீருக்குப் போன் செய்யும் வேலை என்னுடையது என்பதால் அந்த லாரிக்கு என்றைக்கு என்ன உடம்புக்கு வந்தது என்பது எனக்கு மனப்பாடம்.

போன ஆவணியிலிருந்து அதற்கு ஒரே நோய்தான். டீசல் டாங்கிலிருந்து எஞ்சின் பம்புக்குப் போகும் ரப்பர் குழாய், வண்டிக்கு அடியில் ஒரே இடத்தில் அறுந்து கசியும். டாங்க் நிறைந்திருந்தால் சொட்டும். பாதிக்குக் கீழே இறங்கினால் சொட்டாது, காற்றை இழுத்து நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிடும்.

பூந்தமல்லியில் பட்டறை வைத்திருக்கும் முகமது ஆசிக் அந்தக் குழாயை ஐந்து முறை மாற்றினார். முதல் முறை, குழாய் பழசு என்றார். இரண்டாம் முறை, கிளிப் சரியில்லை. மூன்றாம் முறை எலி. வண்டி நிற்பது காலி மனையில், எலி கடிக்காமல் என்ன செய்யும்? மருந்து வைக்கப்பட்டது. எலிகள் செத்தன, குழாய் மறுபடி அறுந்தது. நான்காம் முறை பழைய டியூபை வெட்டிக் குழாய்க்கு உறை போட்டார். உறையும் சேர்ந்தே அறுந்தது. ஐந்தாம் முறை வெறுமனே புதுக் குழாய் போட்டார். வழியில் ஒழுகும்போதெல்லாம் துலுக்கானம் துணி சோப்பைக் குழைத்து அப்பி, மேலே ரப்பர் சுற்றிச் சமாளிப்பார். அவர் சட்டையில் எப்போதும் சோப்பும் டீசலும் கலந்த ஒரு வாசனை.

எங்கள் சங்கச் செயலாளர் ராகவனுக்கு அந்த வாசனையே ஆகாது. வாசலில் புதிதாகப் பதித்த கற்களில் டீசல் கறை விழுந்ததும் பொறுமை போய்விட்டது. "புதன்கிழமை பன்னெண்டு மணிக்கு லோடு வரட்டும். ஒரு சொட்டு விழுந்தாலும் சரி, லேட்டானாலும் சரி, அதோட வேற வண்டி பாத்துக்கறோம்னு சொல்லிடுங்க" என்று என்னிடம் சொன்னார். சொன்னேன்.

"புது ஓஸ் போட்டு ஒரு வாரம்தாம்மா ஆவுது. கவலயே படாத" என்றார் துலுக்கானம்.

அவருக்கு வருடம் முழுவதும் நிலையாக இருக்கும் இடம் எங்கள் குடியிருப்பு ஒன்றுதான். மற்றவை கல்யாணம், கட்டட வேலை என்று எப்போதாவது வருபவை. எங்களை விட்டால் வண்டியை விற்றுவிட்டு மறுபடி இன்னொருவர் லாரியில் ஏற வேண்டும். கவலை இல்லை என்று சொன்னவர், சொட்டு விழாமல் இருக்க டீசல் டாங்கைப் பாதிக்குக் கீழேயே வைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். புதன்கிழமை காலை பத்தரைக்கு, வேலப்பன்சாவடி தாண்டியதும், தண்ணீர் தளும்பத் தளும்ப வண்டி இருமித் திணறி ஓரத்தில் நின்றது.

அதற்குப் பிறகு நடந்ததைத் துலுக்கானமும் ஆசிக்கும் என்னிடம் தனித்தனியே சொன்னார்கள். யார் முட்டாள் என்பதைத் தவிர மற்றதெல்லாம் ஒத்துப்போகிறது.

ஆசிக் ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது, லாரிக்கு அடியிலிருந்து துலுக்கானத்தின் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"நைனா, கீய இன்னா பண்ற? வெளிய வா."

"அதுக்குள்ள வந்துட்டியா? ரெண்டே நிமிசம் பாய். நீ போய் டீ சாப்ட்டு வா."

"பன்னெண்டு மணிக்கு லோடுன்னு போன்ல அய்துட்டு, இப்ப டீ சாப்ட சொல்றியா?"

ஆசிக் மறுபக்கம் வழியாக அடியில் தவழ்ந்து போனார். துலுக்கானம் கட்டிங் பிளேயரை வைத்துக் குழாயிலிருந்து எதையோ முறுக்கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒரு செம்புத் தாயத்து. கட்டட வேலையில் கம்பி கட்டும் மெல்லிய இரும்புக் கம்பியால் குழாயைச் சுற்றி ஆறு சுற்று.

"இன்னா இது?"

"நீ பாக்கக் கூடாது பாய். யார் கண்லயும் படக் கூடாது."

"பாத்துட்டேனே. இன்னான்னு சொல்லு."

போன ஆடியில் பூந்தமல்லியில் மெட்ரோ வேலைத் தடுப்பில் வண்டி உரசியது. துலுக்கானத்தின் மனைவி வேம்புலியம்மாள் கண்திருஷ்டிதான் என்று முடிவு செய்து, கோயிலில் மந்திரித்த தாயத்து ஒன்றை வாங்கிவந்து, யார் கண்ணிலும் படாமல் வண்டியில் கட்டச் சொன்னார். இவர் அடியில் புகுந்து இடம் தேடினார். சேசிஸ் சட்டம் அகலம், கம்பி சுற்றி வரவில்லை. டீசல் குழாய் கட்டுவதற்குத் தோதான பருமனில் இருந்தது. கயிறு எண்ணெயில் ஊறி இற்றுப்போகும் என்று இரும்புக் கம்பியைப் போட்டார். பட்டறைக்குப் போகும் ஒவ்வொரு முறையும், மெக்கானிக் கண்ணில் படக் கூடாதென்று முந்தின நாளே கழற்றி ஒளித்துவைப்பார். புதுக் குழாய் மாட்டிக்கொண்டு வீடு திரும்பியதும் அதே இடத்தில் திரும்பக் கட்டுவார். இந்தத் தடவை விழுந்துவிடாமல் இருக்க இரண்டு சுற்றுக் கூடுதல்.

வண்டி ஓடும்போது எஞ்சின் அதிர்வில் கம்பி ரம்பம் மாதிரி வேலை செய்திருந்தது. அது குழாயில் அறுத்த பள்ளத்தில் ஆசிக் விரலை வைத்துப் பார்த்தார்.

"எப்பொலேர்ந்து இது இங்க கீது?"

"போன ஆடி."

"பைப்பு எப்பொலேர்ந்து ஒய்குது?"

"ஆவணி" என்றார் துலுக்கானம்.

"எலிக்கு மருந்து வெச்சேன் நைனா" என்றார் ஆசிக், மல்லாந்து படுத்தபடியே. "எத்தினி எலி. அதுங்க இன்னா பண்ணுச்சு உன்ன?"

"நீ ஒரு வார்த்த கேட்ருக்கலாம்ல."

"இன்னான்னு கேப்பேன்? பைப்புக்குத் தாயத்து கட்னியான்னா? ஒவ்வொரு வாட்டியும் நான்தான் ஒயுங்கா மாட்டலயோன்னு நெனச்சுகினு கீறேன். அஞ்சு வாட்டி."

அந்த நேரம் பார்த்து வேம்புலியம்மாளின் போன். அந்தப் பக்கம் போன யாரோ வண்டி நிற்பதைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"வண்டி நின்னுடுச்சாமே. தாயத்து பத்திரமா கீதா?"

"கீது."

"அது இருக்கசொல்ல எப்டி நின்னுச்சு?"

சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார் துலுக்கானம்.

ஆசிக் அறுந்த குழாயைக் கழற்றிப் புதியது மாட்டினார். பம்பின் போல்ட்டைத் தளர்த்தி, காற்று வெளியேறும்வரை கை பம்பை அடித்தார், குமிழி போய் டீசல் மட்டும் வந்ததும் போல்ட்டை இறுக்கினார். அடியில் ஒன்பது மாதமாகப் படிந்திருந்த டீசல் பிசுக்கை இருவரும் பழைய துணியால் துடைத்தார்கள். நான் இதற்குள் மூன்று முறை போன் செய்திருந்தேன். மூன்று முறையும் "வந்துகினே கீறேம்மா" என்ற பதில்தான்.

"சரி, இத்த எங்க கட்றது?" துலுக்கானம் தாயத்தை உள்ளங்கையில் மூடி வைத்திருந்தார்.

"இன்னும் அத்த உட மாட்டியா நீ?" ஆசிக் சேசிஸ் சட்டத்தைத் தட்டிக் காட்டினார். இருபுறமும் வரிசையாக ஓட்டைகள். "இத்தினி ஓட்ட கீது. ஒண்ணுகூட உன் கண்ல படல?"

துலுக்கானம் அந்த ஓட்டைகளை அப்போதுதான் பார்க்கிறவர் போலப் பார்த்தார்.

"நைலான் கவுறு கீது, இந்தா. கம்பியத் தொட்ட, அப்புறம் என் பட்டறைக்கு வராத."

"நீ கண்ண மூடிக்க பாய்."

"மூடிகினேன். கட்டித் தொல."

மணி பதினொன்றரை. வழியில் ஒரு பங்கில் நிறுத்தி, டாங்கை விளிம்பு வரை நிரப்பினார் துலுக்கானம். நேரமில்லாத நேரத்தில் அது எதற்கு என்று பிறகு கேட்டேன். "பாதி டாங்க்கு வெச்சுகினு சொட்டாம நிக்கறதுல இன்னா கீது?" என்றார்.

பன்னிரண்டுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது லாரி எங்கள் வாசலுக்கு வந்தது. ராகவன் தயாராக இருந்தார். பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி லாரிக்கு அடியில் தள்ளிவிட்டார். தொட்டி காலியாக நாற்பது நிமிடம். ராகவன் ஐந்து முறை குனிந்து பார்த்தார். துலுக்கானம் ஒருமுறைகூடக் குனியவில்லை, டயரில் சாய்ந்து நின்றார்.

கடைசியில் அட்டையை இழுத்துப் பார்த்தபோது, ஓரத்தில் ஒரு ரூபாய் அளவுக்கு ஈரம்.

"இது என்ன?" என்றார் ராகவன்.

துலுக்கானம் ஈரத்தைத் தொட்டு முகர்ந்துவிட்டு, அட்டையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். "தண்ணி சார். அத்த எடுத்தாரத்தான கூப்டீங்க?"

ராகவன் முகர்ந்தார். இன்னொருமுறை முகர்ந்தார். "சனிக்கிழமை இன்னொரு லோடு" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

துலுக்கானம் அட்டையை இரண்டாக மடித்து சீட்டுக்குப் பின்னால் செருகினார். அது எதற்கு என்றேன்.

"பாய்கிட்ட காட்டத்தான். நேர்ல பாத்தாதான் நம்புவான்."