அப்பா காய்ச்சிய புதுச்சாமைக் கஞ்சி

காரியத்துக்கு வந்து, சாப்பிட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் மகளின் வணக்கம். அட்டைப் படத்தில் அப்பா முறைத்துக்கொண்டுதான் இருப்பார். அது ஆதார் அட்டைக்கு எடுத்த படம். அதைப் பார்த்து, சிரிக்கத் தெரியாத மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்பா பிறந்தது கீழே சமவெளியில், களமருதூரில். கையகல நிலம்கூட இல்லாத வீடு. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று ஊரார் வயல்களிலேயே பால்யம் போயிற்று. எங்கள் மலைக்கு முதன்முதலாகப் பாதை வெட்டியபோது, கல்லுடைக்கும் கூலியாக ஏறி வந்தார். வந்த மறுநாள் காலையில் பனி மூடி எதுவுமே தெரியவில்லையாம். வெயில் ஏற ஏற, மேகத்துக்குள்ளிருந்து ஒரு சாமைக் கொல்லையும், அதில் களை எடுக்கும் ஒரு பெண்ணும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தார்களாம்.

"பாதி நெலம், பாதி வானம். அது எதுல நிக்குதுன்னே எனுக்குப் புரியலம்மா" என்பார் என்னிடம்.

அந்தப் பெண்தான் அம்மா. பாதை வேலை முடிந்து மற்றக் கூலிகள் இறங்கிப் போனார்கள். அப்பா இறங்கவில்லை.

ஊர் பேசிப் பேசித்தான் கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டது. ஆனாலும் கீழ்நாட்டான் என்ற பெயர் அவரை விட்டுப் போகவில்லை. எங்கள் ஊரில் தை மாதம் புதுச்சாமையில் சாமிக்குப் பொங்கல் வைப்பார்கள். அதற்கு முன்னால் புதுத் தானியத்தை யாரும் வாயில் வைக்கக் கூடாது. அன்று ஊர்க்கவுண்டர் ஒவ்வொரு வீட்டுக்காரரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு பிடி பொங்கல் கொடுப்பார். அப்படிக் கூப்பிடப்பட்டவர்தான் ஊர்க்காரர். தம்மையும் கூப்பிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஆசை என்று சும்மா எழுதிவிட்டேன், அது ஏக்கம். "ஒரு புள்ள பொறக்கட்டும், கூப்புட்றேன்" என்று அன்றைய கவுண்டர் வாக்குக் கொடுத்திருந்தார்.

மார்கழியில் நான் பிறந்தேன். எல்லா வீட்டிலும் பழைய தானியம் தீர்ந்துபோயிருந்த நேரம். ஊரே காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்றது. பிள்ளை பெற்ற உடம்புக்குக் கிழங்கு ஆகாது என்பார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல், பால் சுரக்கவில்லை. நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக் கிடந்தேனாம். அப்பா போய், எங்கள் வீட்டுக் குதிரில் பொங்கலுக்காக மூடி வைத்திருந்த புதுச்சாமையில் ஒரு முறம் அள்ளி வந்து, வறுத்து, உரலில் போட்டுக் குத்தினார்.

மலையில் பிறந்தவராக இருந்தால் அந்த உலக்கையைத் தொட்டிருக்க மாட்டார். துணியில் முடிந்து கல்லில் தேய்த்துக் காதும் காதும் வைத்தாற்போல் முடித்திருப்பார். களமருதூரில் உலக்கைச் சத்தத்தை யார் கவனிக்கப் போகிறார்கள்? எங்கள் ஊரில் மார்கழியில் உலக்கை விழுந்தால் ஒரே அர்த்தம்தான். கஞ்சி கொதிப்பதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

அந்தச் சத்தம் எனக்கு நினைவிருக்க நியாயமே இல்லை. இருந்தாலும் தூக்கமும் விழிப்புமாகக் கிடக்கும் விடியற்காலைகளில், பனிக்குள் எங்கோ யாரோ குத்திக்கொண்டிருப்பது எனக்குக் கேட்கிறது. ஒரு உலக்கை, பிறகு அதன் எதிரொலி, பிறகு வறுத்த சாமையின் வாசனை. சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

சாமி முன்னால் விழுந்து, செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றது ஊர். கடுமையான தண்டனை ஒன்றும் இல்லை. அம்மாவும் கெஞ்சினார்.

"ஒரு வார்த்த சொல்லிட்டு வந்தா இன்னா கொறைஞ்சிடும்?"

"பச்ச ஒடம்புக்காரி பசியில கெடந்த. கஞ்சி ஊத்துனேன். அத தப்புன்னு எந்த வாயால சொல்றது?"

சொல்லவே இல்லை. ஊரும் கூப்பிடவே இல்லை. ஆனால் ஒவ்வொரு தையிலும் அப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டிப் போவார். எல்லார் பெயரும் முடியும்வரை நின்றுவிட்டு வெறுங்கையோடு வருவார். "ஏம்ப்பா போறீங்க?" என்று ஒருமுறை சண்டையே போட்டேன். "நம்மூரு பொங்கலுக்குப் போவாம எப்டிம்மா?" என்றார். எனக்கு ஊர்மேல் வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. காரியத்துக்கு வந்திருக்கும் ஊரார் இதையும் படிக்கட்டும்.

பிறகு மண்பாதை தார் ரோடாயிற்று. சாமைக் கொல்லைகளில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி வந்தது, கிழங்கை ஏற்ற லாரி வந்தது. ரேஷன் அரிசி வந்த பிறகு மார்கழிப் பசி என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குத் தெரியாது. அதற்கு நான் சந்தோஷப்படுகிறேன். கூரை வீடுகள் மாடி வீடுகளாயின, வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு. பழைய கவுண்டர் போய் அவர் மகன் கவுண்டரானார். அப்பாவை ஏன் கூப்பிடுவதில்லை என்பதே பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. கூப்பிடாத பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

கடைசி மாதங்களில் மூச்சுக்குச் சிரமப்பட்டார். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியிலிருந்து, மேலே போகலாம் என்று அடம்பிடித்து ஆம்புலன்ஸிலேயே வந்துவிட்டார். ஜன்னலோரம் படுத்து மேகம் ஏறி இறங்குவதையே பார்த்திருந்தார். ஒரு காலையில் அப்படிப் பார்த்தபடியே போய்விட்டார்.

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இறந்தால், அடக்கம் முடியும்வரை ஊரில் எந்த வீட்டிலும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். கீழ்நாட்டுக்காரருக்கு அது உண்டா? அம்மாவின் முகத்தில் அந்தக் கேள்வி இருந்தது. யாரிடம் போய்க் கேட்பது? அப்போது என் மகள் பக்கத்து வீட்டு அக்காவிடம் டீ கேட்டாள்.

"இன்னிக்கு எந்த வூட்லயும் அடுப்பு எரியாது கண்ணு. ஊர்க்காரரு சாவு" என்றார் அந்த அக்கா.

அம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.

கொஞ்ச நேரத்தில் கவுண்டர் மாலையோடு வந்தார். அம்மா முன்னால் கைகட்டி நின்றார்.

"எங்க வூட்ல மட்டும் அடுப்பு எரியுது அத்த. மருமவ புள்ள பெத்துப் பச்ச ஒடம்பா கெடக்குது. வெந்நி வெச்சி, கஞ்சி காச்சச் சொல்லிட்டுத்தான் வரேன். மாமா இருந்திருந்தா இதத்தான் சொல்லியிருப்பாரு."

"சூடா ஊத்தச் சொல்லு" என்றார் அம்மா.

வளைவுகளில் ஒருமுறைகூட அப்பாவைக் குலுக்காமல் மேலே கொண்டுவந்து சேர்த்த ஆம்புலன்ஸ் தம்பிக்கும், களமருதூரிலிருந்து ஓடி வந்த பங்காளிகளுக்கும், குழி தோண்டி, பாடை கட்டி, தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அன்று பிள்ளைகளைப் பட்டினி போட்டு அடுப்பை அணைத்து வைத்திருந்த எல்லா வீடுகளையும் கும்பிடுகிறேன். அடுப்பை மூட்டிய அந்த ஒரு வீட்டை அப்பாவின் சார்பில் கும்பிடுகிறேன்.