தலைக்கு ஊற்றிய தண்ணீர்

தேங்காய் எண்ணெயும் இரும்பும் கலந்த வாசனை வந்தால் இன்றும் நான் அங்கிருந்து நகர்ந்துவிடுவேன். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்து வீட்டில், சித்தப்பா அமாவாசை தவறாமல் அப்பாவின் அரிவாளுக்கு எண்ணெய் தடவுவார். அதை வாழை வெட்டவோ விறகு பிளக்கவோ யாரும் எடுத்து நான் பார்த்ததேயில்லை.

அப்பாவை வெட்டியவர் அந்நியர் அல்ல, பங்காளி. ஒரே கிணற்றுத் தண்ணீர்தான் இரண்டு வீட்டுக்கும். எந்த நாள் யார் மோட்டார் போடுவது என்ற 'முறை'த் தகராறில் அப்பா வாய்க்கால் மேட்டிலேயே போய்விட்டார். நான் அப்போது கைக்குழந்தை. வெட்டியவர் ஜெயிலுக்குப் போய்த் திரும்பி, வேலிக்கு அந்தப் பக்கம் எருமை கறந்துகொண்டிருந்தார். சித்தப்பா காத்திருந்தது அண்ணன் வளர்வதற்காக. "மீசை மொளைக்கட்டும் கண்ணு, நீயே செஞ்சுபோடலாம்" என்று, சைக்கிள் வாங்கித் தருவதைப் பற்றிப் பேசுவதுபோலச் சொல்வார். அண்ணன் கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம் மீசை அரும்பிவிட்டதா என்று நான் எட்டிப் பார்ப்பேன்.

அண்ணன் பிளஸ் டூ எழுதிய கோடையில், அப்பாவை வெட்டிய அந்த மனிதர் நெஞ்சுவலி வந்து தானாகவே செத்துப்போனார். பங்காளி வீட்டில் சாவு என்றால் சேதி கேட்டதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வதும், கறி சமைக்காமல் தீட்டுக் காப்பதும், காரியத்தன்று ஆண்கள் அந்த வீட்டு வாசலில் வரிசையாக உட்கார்ந்து சவரம் செய்துகொள்வதும் எங்கள் வழக்கம். சித்தப்பாவோ உயிருள்ள சேவலோடு வந்து நின்றார்.

"கொழம்பு வெச்சுப்போடுங்க நங்கை. அந்தூட்டோட நமக்கேது தீட்டு? அப்பன் தப்பிச்சுட்டான், அவன் பையன் இருக்கறானல்லோ." அண்ணியை 'நங்கை' என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு.

அம்மா தொட்டியில் ஒரு குடம் மொண்டு, கட்டிய சேலையோடு தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். அடுத்த குடம் அண்ணன் தலையில், அதற்கடுத்தது என் தலையில். எனக்கு மூச்சு முட்டியது.

"செத்தது பங்காளிதானுங்க. தண்ணி ஊத்தியாச்சு. இனி அந்தப் பையன் இவனுக்குக் கூடப்பொறந்தவன். எப்படி வெட்டுவான்?"

சித்தப்பா சேவலையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு போனார். சாகும்வரை எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை.

காரியத்தன்று அம்மா அண்ணனை வெறுங்கையோடு அந்த வீட்டுக்கு அனுப்பினாள். உயிரோடு திருப்பி அனுப்புவார்களா என்று யாருக்குத் தெரியும்? நான் அழுதுகொண்டே பின்னால் போனேன். செத்தவரின் மகன் அண்ணனைக் கண்டதும் எழுந்தான். சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவன் உட்கார்ந்து, பலகையில் நகர்ந்து இடம் விட்டான். நாவிதர் அண்ணனின் முகவாயைத் தூக்கித் தொண்டையில் கத்தியை வைத்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அண்ணன் முகத்தில் மீசை இல்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்தத் தோட்டம் வீட்டுமனைகளாகிவிட்டது, கிணற்றை மண்போட்டு மூடிவிட்டார்கள், அம்மாவும் இல்லை. அண்ணனுக்குக் கணபதி என்கிற ஊரில் லேத் பட்டறை. போன மாதம் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவருடைய மகன், "ஏனுங்க அத்தை, தாத்தாவ வெட்டுனது யாருங்க?" என்று கேட்டான். ஏதோ கல்யாணத்தில் யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். அவனுக்கு இப்போது அன்றைய அண்ணனின் வயது. பெயர் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அண்ணன் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னையே பார்த்தார். அவர் அவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை.

"தெரியலயே சாமி" என்றேன்.

எங்கள் வீட்டில் அந்தப் பெயர் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். எங்களோடு அது போய்விட வேண்டும்.