சுற்றிப் பார்க்கப் போன கண்டக்டரம்மா

எங்கள் டிப்போவில் பெண் கண்டக்டர்கள் சிலர் இருந்தாலும், கண்டக்டரம்மா என்றால் அது ஒருவரைத்தான் குறிக்கும். அவர் டிக்கெட் கொடுத்த பேருந்தைப் பல வருஷம் ஓட்டியவன் நான். விசிலே தேவைப்படாத தொண்டை. "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள என்ன புலியா இருக்கு?" என்று அவர் பின்வாசலில் நின்று கேட்டால் முன்வாசலில் இருப்பவர்களும் ஓர் அடி நகர்ந்து கொள்வார்கள். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. யாராவது அதைப் பற்றி விசாரித்தால், "என் ஸ்டாப்பிங் எப்பவோ தாண்டிடுச்சு" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அவருக்கு இருந்த ஒரே சொந்தம் தம்பி. வெளிநாட்டில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தான். அங்கிருந்து படம் படமாக அனுப்புவான். ஒன்றில் அவன் பின்னால் பெரிய ஏரி, இன்னொன்றில் பனி மூடிய மலை. எங்கள் பேருந்தில் தினமும் வந்து போனவர்களுக்கு அந்தப் படங்கள் அத்துப்படி. "என் தம்பி பார்க்காத இடம் பாக்கி இல்ல" என்று அக்கா பெருமையடித்துக் கொள்வார்.

அவர் ஓய்வு பெற்றதும் தம்பி மூன்று மாதச் சுற்றுலா விசாவும் விமான டிக்கெட்டும் எடுத்து அனுப்பினான். "ஊர் ஊரா சுத்திக் காட்டறேன், வாக்கா" என்றான். டிப்போவே திரண்டு போய் வழியனுப்பியது.

போன இரண்டாவது வாரம் தம்பி குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவன், அன்றைக்குப் படியிறங்கி வேலைக்குப் போகும்போது கால் வழுக்கி உருண்டான். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. தொடை வரை மாவுக்கட்டு போட்டு, வீட்டில் படுக்க வைத்துவிட்டார்கள்.

ஊர் சுற்றும் திட்டம் அத்தோடு போயிற்று. நாலாவது மாடியில் ஓர் அறையும் சமையலறையும்தான் வீடு. ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம். கண்டக்டரம்மா சமைத்தார், துவைத்தார், மருந்துக்கடைக்கு வழி கற்றுக்கொண்டார். லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் நாளில், ஒவ்வொரு படி திருப்பத்திலும் "ஹோல்டான்!" என்று நிறுத்தி, மூச்சு வாங்கவிட்டு, "ரைட், போலாம்!" என்று குரல் கொடுப்பார். மொழி தெரியாத அக்கம்பக்கத்தாரும் கதவைத் திறந்து பார்த்து வழிவிட்டு நின்றார்களாம்.

விசா முடியும் நாள் நெருங்கியது. மாவுக்கட்டைப் பிரிக்க இன்னும் நாளாகும், பிரித்த பிறகும் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நீ கிளம்புக்கா. நான் சமாளிச்சுப்பேன்."

"எப்படி? ஒத்தக் கால்ல நின்னு தவம் பண்ணப் போறியா? விசாவை நீட்டிக்க முடியுமான்னு பாருடா."

முடியும் என்று தெரிந்தது. விசா முடிவதற்குள் இமிகிரேஷன் அலுவலகத்தில் நேரில் போய்க் காரணம் சொல்ல வேண்டும். தம்பிக்கு அங்கேதான் பயம் பிடித்துக்கொண்டது. தன்னைப் பார்த்துக்கொள்வதற்காக என்று சொன்னால், அதை ஒரு வேலை என்று நினைத்து மறுத்துவிடுவார்களோ என்று தோன்றியது. "சுத்திப் பார்க்கணும்னு மட்டும் சொல்லு. மத்தத நான் பார்த்துக்கறேன்" என்று அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்தான். அக்கா தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

டோக்கன் வாங்கி, இருவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் காத்திருந்தார்கள். தம்பியின் ஊன்றுகோல்கள் போகிறவர் வருகிறவர் காலையெல்லாம் இடறிவிட்டன. கடைசியில் ஒரு கவுண்டருக்கு அழைத்தார்கள். உள்ளே, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த பெண் அதிகாரி. இன்னும் எதற்காக இங்கே தங்க வேண்டும் என்று கேட்டார். தம்பி அதைத் தமிழில் சொன்னான்.

அக்கா ஆரம்பித்தார். "நான் வந்ததே ஊர் பார்க்கத்தாம்மா. வந்த ரெண்டாவது வாரமே இவன் படியில உருண்டு கால ஒடிச்சுக்கிட்டான். இவனுக்குத் தண்ணி எடுத்துக் குடுக்கக்கூட ஆளில்ல. விட்டுட்டு எப்படிப் போறது? நீங்களே சொல்லுங்க..." இப்படியே நீண்டுகொண்டு போயிற்று.

"சுற்றிப் பார்ப்பதற்கு" என்று தம்பி மொழிபெயர்த்தான்.

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவனைப் பார்த்தார். "அவர் இவ்வளவு நேரம் பேசியது அதை மட்டும்தானா?"

"எங்க மொழியில வார்த்தையெல்லாம் கொஞ்சம் நீளம்" என்றான் தம்பி.

அதிகாரி தொலைபேசியை எடுத்து, மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டார். அதிலிருந்து ஒரு பெண் குரல், "வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?" என்றது.

இத்தனை நாளாகத் தம்பியைத் தவிர வேறு யாரிடமும் வாய்விட்டுப் பேச முடியாமல் இருந்தவருக்கு அது போதுமானதாக இருந்தது. "எங்கம்மா சாப்பிடறது, விடிஞ்சதுலேர்ந்து இங்கதான் உட்கார்ந்திருக்கோம்" என்று தொடங்கி, அந்தப் பெண்ணுக்கு எத்தனை பிள்ளைகள் என்பது வரை போய்விட்டார். நலம் விசாரித்து முடிந்துவிட்டதா என்று அதிகாரி மேசையைத் தட்டிக் கேட்ட பிறகே விஷயத்துக்கு வந்தார்கள். கால் முறிந்தது முதல் எல்லாமே ஒரு சொல் விடாமல் மொழிபெயர்ப்பாயிற்று. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுவரை எந்தெந்த இடம் பார்த்தீர்கள்?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆஸ்பத்திரி பார்த்தேன். மருந்துக்கடை. துணி துவைக்கிற மெஷின். இப்ப உங்க ஆபீஸ். நல்லா சுத்தமா வெச்சிருக்கீங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். தொலைபேசியிலிருந்த பெண்ணும் சிரித்தாள். கூடப்பிறந்தவனைப் பார்த்துக்கொள்வது குற்றமில்லை, டாக்டர் சான்றிதழ் கொண்டுவந்திருந்தாலே போதும், பொய் சொல்வதுதான் குற்றம் என்று அதிகாரி தம்பிக்கு ஒரு குட்டு வைத்தார். மறுநாள் சான்றிதழைக் கொடுத்ததும் இன்னும் இரண்டு மாதத்துக்கு விசா நீட்டித்துக் கிடைத்தது. "சம்பளத்துக்கு வேலை மட்டும் செய்யக் கூடாது. நேரம் கிடைத்தால் எங்கள் நாட்டையும் கொஞ்சம் பாருங்கள்" என்று சொல்லி, சுவரில் மாட்டியிருந்த ஏரிப் படத்தைக் காட்டினார்.

"அட, இது என் தம்பி போன ஏரியாச்சே!" என்றார் கண்டக்டரம்மா.

மாவுக்கட்டைப் பிரித்து, தம்பி ஒற்றை ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியதும், அந்த ஏரிக்குத்தான் முதலில் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சுற்றுலாப் பேருந்தில் ஏறினார்கள். கூட்டம் முழுக்க வாசலிலேயே அடைத்துக்கொண்டு நின்றது, பின்பக்கம் காலியாகக் கிடந்தது. வழிகாட்டிப் பெண் மெல்லிய குரலில் என்னவோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். கண்டக்டரம்மாவுக்குப் பொறுக்குமா? எழுந்து நின்று, "உள்ள போங்க! உள்ள போங்க!" என்று ஒரு சத்தம் போட்டார். ஒருவருக்கும் மொழி புரியவில்லை, ஆனால் எல்லோரும் உள்ளே போனார்கள். வழிகாட்டிப் பெண் கைதட்டினாள்.

தம்பி அவர் புடவையைப் பிடித்து இழுத்தான். "அக்கா, உட்காருக்கா! வேலை பார்த்தேன்னு சொல்லி விசாவைப் பிடுங்கிடப் போறாங்க!"

"சம்பளத்துக்குத்தானேடா கூடாதுன்னாங்க. இது சும்மா."

ஏரிக்கரையில் இறங்கியதும் படகுத்துறை எந்தப் பக்கம் என்று தம்பிக்குத் தெரியவில்லை. இரண்டு தடவை தவறான வழியில் கூட்டிப் போய்த் திரும்பினான்.

"ஏண்டா, நீதான் இங்க வந்திருக்கியே?"

அவன் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டான். "வந்ததில்லக்கா."

"அப்ப அந்தப் படம்?"

"ஒரு ஹோட்டல்ல லிஃப்ட் பார்க்கப் போனேன். வரவேற்பறையில சுவர் முழுக்க இந்த ஏரியை ஒட்டி வெச்சிருந்தாங்க. அதுக்கு முன்னாடி நின்னு எடுத்தது. பனிமலையும் அப்படித்தான். அது ஒரு பல் ஆஸ்பத்திரி."

வேலை, தூக்கம், மறுபடி வேலை என்று இருந்தவனுக்கு எங்கேயும் போக நேரம் வாய்க்கவில்லை. அங்கே தனியாகக் கிடப்பது அக்காவுக்குத் தெரியக் கூடாது என்று படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். அதைக் கேட்டதும் அக்காவுக்கு முதலில் அழுகைதான் வந்ததாம். ஆனால் பல் ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்ததும் சிரிப்பு முந்திக்கொண்டது. "பல் ஆஸ்பத்திரிப் பனிமலையையாடா டிப்போ முழுக்கக் காட்டினேன்!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம்பியும் சேர்ந்துகொண்டான். படகில் ஏறிய பிறகும் இருவரும் சிரிப்பை நிறுத்தவில்லை. அசையாமல் உட்காரும்படி படகுக்காரர் சைகை காட்ட வேண்டியிருந்தது.

அதன் பிறகு ஓர் இடத்தையும் விட்டுவைக்கவில்லை. தம்பி நொண்டிக்கொண்டே வந்தான், அக்கா முன்னால் நடந்தார். நிஜமான பனிமலையில் கால் வைத்த அன்று, "பல்லு கூசுதுடா" என்று அவனைச் சீண்டினாராம். மறுபடி ஒரு தடவை நீட்டிக்கலாமா என்று தம்பிதான் கேட்டிருக்கிறான். "கால் வந்திடுச்சில்ல, இனிமே நீயே சுத்து" என்று சொல்லிவிட்டு, விசா முடியும் முன்பே ஊர் திரும்பினார்.

இப்போது டிப்போக்காரர்களுக்கு விசா சந்தேகம் எது வந்தாலும் அவர் வீட்டுக்குத்தான் ஓடுகிறார்கள். "உள்ளதச் சொல்லுங்க, டாக்டர் சீட்டைக் கையில வெச்சுக்குங்க" என்பதுதான் அவர் சொல்லும் முதல் பாடம். அடுத்த மாதம் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு வேறொரு நாட்டுக்குக் கிளம்புகிறார். அந்தக் கூட்டத்தில் என் மனைவியும் ஒருத்தி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாஸ்போர்ட் வந்த பிறகுதான் எனக்கே தெரியும்.

"அப்ப எனக்குச் சோறு?" என்று கேட்டேன்.

"குக்கர் அங்க இருக்கு, அரிசி டப்பாவுல இருக்கு" என்றாள் அவள், பெட்டியில் ஸ்வெட்டரை மடித்து வைத்துக்கொண்டே.