எச்சில் அல்ல, சளி

ஊரார் இருமித் துப்பியதை உற்றுப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். எண்பதுகளின் தொடக்கத்தில், அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். டிபி சந்தேகம் என்று டாக்டர் அனுப்புகிறவர்களின் சளியைக் கண்ணாடித் துண்டில் பூசி, சூடு காட்டி, சிவப்புச் சாயம் ஊற்றி, அமிலத்தில் கழுவி, நீலச் சாயம் கொடுத்து மைக்ராஸ்கோப்பில் வைப்பேன். நீலத்துக்கு நடுவே செக்கச்செவேலென்று மெல்லிய குச்சிகள் தெரிந்தால், கிருமி இருக்கிறது. அந்தச் சிவப்பைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கோபம்தான் வளர்ந்தது. வீட்டில் ஒருவருக்கு டிபி வந்து, அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் ஒளித்து வைத்தவர்களுக்கு அது என்ன கோபம் என்று நான் சொல்லவே வேண்டாம்.

இருமல் சிரப்பு

ஏழுமலை இரும்பு வார்க்கும் பட்டறையில் வேலை செய்தவர். முதல் இரண்டு முறையும் டப்பாவில் நுரை நுரையாக எச்சிலைத்தான் கொண்டுவந்தார். "எச்சில் வேண்டாம், காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்து, மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சுக்கடியிலிருந்து இருமிக் கொண்டு வாருங்கள்" என்று கத்தினேன். மூன்றாம் நாள் கொண்டுவந்தார். பார்த்த இடமெல்லாம் குச்சிகள். எக்ஸ்ரேயில், வலது நுரையீரலின் மேல்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு ஓட்டை. கிருமி அரித்து அரித்து உண்டாக்கிய ஓட்டை அது. அவர் இருமும்போதெல்லாம் அங்கிருந்துதான் கிளம்பிக் காற்றில் கலந்திருக்கிறது.

இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். தெருமுனையில் டாக்டர் என்று போர்டு மாட்டியிருந்த ஒருவர் எட்டு மாதமாக இருமல் சிரப்பே கொடுத்திருக்கிறார். சளியைப் பார்க்கச் சொல்லி ஒரு நாள்கூட அனுப்பவில்லை. ஆத்திரத்தில் அந்த ஆளின் பேரைக் கேட்டேன். ஏழுமலை சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்.

"அவர ஒண்ணியும் சொல்லாத மேடம். போனா ஒக்கார வச்சி எப்டிகீறேன்னு கேப்பாரு. இங்க வந்தா நாய வெரட்டுற மாதிரி வெரட்றீங்கோ."

தனித் தட்டு

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு மாமியார் மருமகளைக் கூட்டிவந்தார். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண். கழுத்தில் நெல்லிக்காய் மாதிரி கட்டி. ஊசி குத்தி எடுத்துப் பார்த்ததில் டிபி என்று தெரிந்தது. வீட்டில் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தாயிற்றாம். பிறந்த வீட்டுக்கு அனுப்பச் சொல்லி டாக்டர் எழுதித் தரவேண்டும் என்பது மாமியாரின் கோரிக்கை.

நானே விளக்கினேன். கிருமி மூச்சுக்காற்றில் நுரையீரலுக்குள் போகும். அங்கிருந்து ரத்தத்தில் ஏறிக் கழுத்தில் தங்கும், முதுகெலும்பில் தங்கும், மூளையின் உறையில்கூடத் தங்கும். கழுத்துக் கட்டியிலிருந்து யாருக்கும் ஒட்டாது. வீட்டில் யாரோ இருமுகிறவரிடமிருந்துதான் இவளுக்கு வந்திருக்கும். யார் இருமுகிறார்கள் என்று கேட்டதும், பெண்தான் தரையைப் பார்த்தபடி சொன்னாள். புருஷன் நான்கு மாதமாக இருமிக்கொண்டிருந்தான்.

நாலு தடவை சொல்லி அனுப்பிய பிறகே அவனுடைய சளி வந்தது. நிறையக் குச்சிகள். அதற்குள் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரிப்போர்ட் வாங்க வந்த மாமியாரிடம் இனியாவது அவளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

"அவன் நாலு இடம் போய் வர்றவன், எங்கேயாவது ஒட்டியிருக்கும். வீட்டோட கிடந்தவளுக்கு எப்படி வந்துச்சு, முதல்ல அதைச் சொல்லுங்க."

ஸ்டாக் இல்லை

பட்டாபிராமிலிருந்து ரயிலில் வந்து மாத்திரை வாங்கிப்போவார் செல்வி, இட்லிக் கடை வைத்திருந்தவர். இரண்டு மாதத்தில் காய்ச்சல் நின்றது, உடம்பு தேறியது. இந்த நோயில் ஏமாற்றும் கட்டமே அதுதான். பெரும்பாலான கிருமிகள் செத்திருக்கும், கொஞ்சம் தூங்கிக்கொண்டிருக்கும். மருந்தை நிறுத்தினால் அவை விழித்துக்கொள்ளும். சில சமயம் அந்த மருந்துக்கே அடங்காமலும் போகும்.

செல்வி நிறுத்தவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில்தான் மருந்து வரவில்லை. ஒரு மாதத்துக்கு மேல், வந்த போதெல்லாம் கைவிரித்து அனுப்பினோம். வெளியில் வாங்க அவருக்கு வழியில்லை. அரை வருடம் கழித்து ரத்தமாகத் துப்பிக்கொண்டு வந்தார். அதன்பின் கொடுத்த எந்த மருந்தும் பிடிக்கவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டார்.

முதல் தடவை அவரை வெறுங்கையோடு அனுப்பிய அன்றே ஸ்டோருக்குப் போய்ச் சண்டை போட்டிருந்தேன். ஸ்டோர்காரர் பேனாவை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"ஏம்மா பதறுறீங்க? காலங்காலமா இருக்கிற வியாதி, ஒரு மாசம் பொறுத்துக்காதா?"

என் டப்பா

லேபில் ஒரே ஜன்னல். சாய வாடை அடிக்கிறது என்று பக்கத்து ஆபீஸ் ரூமில் புகார் சொல்லி, அதை ஆணியடித்து மூடிவிட்டார்கள். சளியிலிருந்து கிளம்பும் கிருமி உள்ளேயே சுற்றும், திறந்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனாவது போடுங்கள் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன்.

தொண்ணூறுகளில் ஒரு வருடம் எனக்குச் சாயங்காலக் காய்ச்சல் வர ஆரம்பித்தது. தூக்கத்தில் வேர்த்துக் கொட்டியது, ரவிக்கைகள் தொளதொளத்தன. யாரிடமும் சொல்லாமல் ஒரு டப்பாவில் என் சளியை எடுத்து, நானே சாயம் ஏற்றிப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூடத் தேட வேண்டியிருக்கவில்லை. ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பயத்தைவிட அவமானமாக இருந்தது. அதற்காக என் மேலேயே கோபம் வந்தது. பிறகு எழுந்துபோய் டாக்டரிடம் சொன்னேன்.

ஒரு வேளை மாத்திரைகூட விடாமல் சாப்பிட்டுக் குணமானேன். லீவு முடிந்து வந்தபோது ஜன்னலில் அதே ஆணி. நேராக ஆபீஸ் கிளார்க்கிடம் போய், என் கடிதங்கள் என்ன ஆயின என்று கேட்டேன்.

"மூணும் ஃபைல்ல பத்திரமா இருக்கு மேடம், ஒண்ணுகூடத் தொலையலை."

இத்தனை வருடத்தில் நான் சமாளித்தவற்றில், சாயம் ஏற்றினால் உடனே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் அந்தக் கிருமிதான் கொஞ்சமாவது யோக்கியமானது.