ஸ்பெயின்காரரின் அப்பா பெயர்

ஒருவனை எந்தப் பெயரால் கூப்பிடுவது என்று இந்த உலகத்துக்கு இன்னும் தெரியவில்லை. என் முதல் வேலையில் முதலாளி என்னை என் அப்பா பெயரைச் சொல்லி 'மிஸ்டர்' போட்டுக் கூப்பிட்டான். பெயரில் கடைசியாக இருப்பதுதான் கூப்பிடும் பெயர் என்று அவனுக்கு நினைப்பு. அப்பா அப்போது தாப்பா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார். அவரை யாரும் மிஸ்டர் என்று கூப்பிட்டதில்லை. அவர் பெயரில் ஈப்போவில் நான் திட்டு வாங்கினேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரியில் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். அங்கே இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த சீன டீச்சர், ஸ்பெயின்காரர் ஒருவர் எழுதிய பழைய நாடகத்தை இங்கிலீஷில் போட முடிவு செய்தார். ராஜா வேஷம் எனக்கு. செய்து வைத்திருந்த கிரீடம் மாணவர்கள் யாருக்கும் பொருந்தவில்லை, என் மண்டைக்குப் பொருந்தியது. ராஜா கடைசியில்தான் வருவார். பதினோரு வரி பேசுவார். அந்தப் பதினோரு வரியை அப்பா வந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்ற பிறகு அப்பா ஒரு தொழிற்சாலையில் ராத்திரிக் காவலுக்கு நிற்கும் ஜாகா வேலை பார்த்தார்.

"கூத்தாடுறதுக்கா படிக்க வச்சேன்? நான் வரமாட்டேன் லா," என்றார்.

நாடகம் போட அரசாங்க ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பப் பாரம் நிரப்பும் வேலை என் தலையில் விழுந்தது. எழுதியவர் பெயர் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. டீச்சர் அவரைத் திங்கட்கிழமை பெயரின் முதல் சொல்லால் சொல்வார், செவ்வாய்க்கிழமை முழுநீளமாகச் சொல்வார்.

"மிஸ், இவர எப்படித்தான் கூப்பிடுறது?"

"இங்கிலீஷ்ல இவரை முதல் சொல்லாலதான் கூப்பிடுவாங்க."

"இன்னொரு ஸ்பெயின்காரரைக் கடைசிச் சொல்லால சொன்னீங்களே?"

"அவரை அப்படித்தான் கூப்பிடுவாங்க."

"என்ன ரூல் மிஸ்?"

"ரூல் இல்ல. பழக்கம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெயரின் நடுவில் ஒரு குட்டிச் சொல் இருந்தது. 'உடைய' என்று அர்த்தமாம், டீச்சரே சொன்னார். இன்னாருடைய இன்னார். மலேசியாவில் எங்களுக்கு இன்னார் மகன் என்று காட்டப் பெயரின் நடுவில் மலாய்ச் சுருக்கமாக 'ஏ எல்' போடுகிறார்களே, அதேதான். கடைசியில் இருப்பது அப்பா பெயர். நான் அந்தக் குட்டிச் சொல்லை எடுத்துவிட்டு 'ஏ எல்' போட்டு எழுதினேன். உலகத்தில் ஒருத்தனாவது அவன் அப்பாவோடு ஒழுங்காக இருக்கட்டும்.

கவுண்டரில் இருந்த அதிகாரி தமிழர். பாரத்தைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம ஆளா தம்பி எழுதினது? இங்கிலீஷ்லயா? பேரு என்னமோ புதுசா இருக்கு. எந்தத் தோட்டம்?"

நான் வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை.

"வெளிநாட்டு நாடகம்னா கோலாலம்பூருக்கு அனுப்பணும், மூணு மாசம் ஆகும். நம்ம ஊரு நாடகம்னா நானே சாப் குத்தி அனுமதி குடுத்துருவேன்."

நாடகத்துக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

"தாப்பா பக்கம் அண்ணே," என்றேன்.

"அவர நேர்ல கூட்டிட்டு வா. கையெழுத்துப் போடணும்."

அப்பாவிடம்தான் போனேன். வேறு யாரிடம் போவது?

"செத்துப்போன ஆளுக்கு நான் கையெழுத்துப் போடணுமா?"

"செத்து முந்நூறு வருசத்துக்கு மேல ஆச்சுப்பா. வந்து கேக்க மாட்டாரு."

"பாரத்துல அவன் அப்பா பேரு இருக்கா?"

"இருக்கு."

"அப்ப மரியாதை தெரிஞ்ச ஆளுதான்," என்றார். வெள்ளைச் சட்டையைத் துவைத்து வைக்கச் சொன்னார்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. மூன்று நாள் பழைய காலண்டர் தாளில் எழுதிப் பழகினார். முதல் சொல்தான் கைக்கு வந்தது. அதையே போட்டார். இங்கிலீஷ்காரர்களும் இப்படித்தான் முதல் சொல்லோடு களைத்துப்போயிருப்பார்கள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது.

அதிகாரி அடையாளத்துக்கு ஐசிகூடக் கேட்கவில்லை. எழுந்து நின்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சனிக்கிழமை நானும் வாரேன் ஐயா. உங்க பக்கத்துல உக்காந்து பாக்கணும்."

வரவே மாட்டேன் என்று சொன்ன மனிதர் சனிக்கிழமை மத்தியானம் முன்வரிசையில், வெள்ளைச் சட்டையும் திருநீறுமாக உட்கார்ந்திருந்தார். டீச்சர் அவருக்கு மாலை போட வேண்டியதாகிவிட்டது. காரணத்தை நான் டீச்சரிடம் பத்து நிமிஷம் முன்னால்தான் சொல்லியிருந்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

அப்பாவுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. நடுவில் தூங்கினார். அதிகாரி அதை எழுத்தாளரின் தியானம் என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டார். கடைசியில் நான் கிரீடத்தோடு வந்தேன். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினோரு வரியில் இரண்டு எனக்கு மறந்துபோனது. ஒன்பதையும் அவரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

முடிந்ததும் அதிகாரி கேட்டார்.

"ஐயா, ராஜாவ ஏன் கடைசியில கொண்டாறீங்க?"

அப்பா யோசிக்கவே இல்லை.

"அவன் எப்பவும் லேட்டாத்தான் வருவான் சார்."

அதிகாரி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

தாப்பா பஸ்ஸில் அப்பா மாலையைக் கழற்றாமலே ஏறினார். பஸ் கம்பார் ஊரைத் தாண்டியது.

"ராஜாவுக்குப் பேச்சு ரொம்பக் கொறைச்சல்," என்றார். "அடுத்த நாடகத்துல கூட்டி எழுதுறேன்."